பதினேழாவது குறிப்பு

செப்டம்பர் 24, செவ்வாய். கோயம்புத்தூர்

எங்கள் டிராவல்ஸின் டூர் மேனேஜர் ஜெகதீசன் ஸ்கூட்டரோடு விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். நாளை இரவு ஒன்பது பேர் பிராக் நகரத்துக்குக் கிளம்புகிறார்கள். ஐந்து நாள் உலா. முதலாளி ரத்தினசபாபதி என் மேசைக்கே வந்து நின்றார்.

"அரசி, நீ கிளம்பு."

"நானா சார்?"

"பின்ன நானா? மாத்து ஆளுன்னு உனக்கு விசா போட்டு வெச்சது எதுக்கு? ஊரே உன்னோட குறிப்பத்தான் கையில வெச்சுட்டுச் சுத்துது. உனக்குத் தெரியாத பிராக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குறிப்பு என்றால், 'ஐரோப்பிய நகரங்களுக்கு ஐந்து நாள் போகிறவர்களுக்கு இருபத்தொரு குறிப்புகள்' என்று பதினோரு வருடங்களுக்கு முன் நான் எழுதியது. பிராக்குக்குப் போகிறவர்களுக்கென்று அதில் தனிப் பக்கம் உண்டு. ஹோட்டல் முகவரிச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வையுங்கள். டிராமில் கண்டக்டர் வரமாட்டார், டிக்கெட்டை நீங்களே இயந்திரத்தில் குத்துங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். இப்படி இருபத்தொன்று. டிக்கெட் போட வருகிற எல்லாருக்கும் கொடுப்போம். நல்ல பெயர்.

பிராக் எனக்குப் புதிதல்ல. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊரின் வரைபடத்தைப் போடுவேன்.

பயணிகள் பட்டியலைப் பார்த்தேன். நான்காவது பெயர்: தெய்வாத்தாள், வயது 67, பெருந்துறை. உடன் வருபவர் என்ற இடத்தில் ஒரு கோடு. எட்டு வருடங்களுக்கு முன் புருசனும் பெண்டாட்டியுமாக வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள். மஞ்சள் வியாபாரி நாச்சிமுத்து. விசாரித்துவிட்டு, "பொண்ணு கல்யாணம் முடியட்டுங்" என்று போனவர். போன வருடம் தவறிவிட்டாராம்.

கவலை ஒன்றும் இல்லை. என் குறிப்புத் தாளையே இரண்டு தடவை படித்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன். பிராக்

வந்து சேர்ந்தோம். ஒன்பது பேரும் பத்திரம். பெட்டி ஒன்றும் தொலையவில்லை.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிறவர் என் பக்கங்களைப் புரட்டினார். புரட்ட என்ன இருக்கிறது, விசா ஒட்டிய பக்கம் தவிர எல்லாம் வெள்ளை. "ஃபர்ஸ்ட் டைம்?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தி "எஸ்" என்றேன். திரும்பினால் எனக்குப் பின்னால் காளியண்ணன். எங்கள் ஊரில் கணபதிப் பகுதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறவர், மனைவியோடு வந்திருக்கிறார். அவருக்குக் காது கேட்டதா இல்லையா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. இயந்திரச் சத்தத்திலேயே இருந்தவர், காது மந்தமாகத்தான் இருக்கும்.

பஸ் இறக்கிவிட்ட ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்கு எட்டு நிமிட நடை என்பது என் ஐந்தாவது குறிப்பு. நாற்பது நிமிடம் ஆனது. தெரு முழுக்கக் கல் பாவியிருக்கிறார்கள். உள்ளங்கை அகலக் கற்கள், நடுவில் சந்து. சந்துக்குச் சந்து பெட்டிச் சக்கரம் சிக்குகிறது. போதாததற்கு ஏற்றம் வேறு. வரைபடத்தில் ஏற்றம் தெரியாது. காளியண்ணன் ஒரு பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏனுங் மேடம், போன தடவ நீங்க வந்தப்போ இந்தக் கல்லெல்லாம் இல்லீங்களா?"

"புதுசா போட்டிருப்பாங்க" என்றேன். கற்கள் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தன. அவர் கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடந்தார்.

தெய்வாத்தாள் அம்மா சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவர்கள் போடுகிற ஷூ. ஒரு குறையும் சொல்லவில்லை. அறைச் சாவியை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"அம்முணி, அந்த எடத்துக்கு எப்பங்க கூட்டீட்டுப் போவீங்க?"

"எந்த எடமுங்கம்மா?"

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் குறிப்புத் தாள்தான். லேமினேஷன் செய்திருந்தது. ஓரம் மஞ்சள் பூத்திருந்தது.

"பதினேழு" என்றார். "ஆசுபத்திரில கெடக்கறப்பவும் இதைத்தானுங்க படிக்கச் சொல்லுவாரு. ஊசி போடறப்ப எல்லாம், 'அந்தப் பதினேழப் படி புள்ள'ம்பாரு."

நாளை பார்க்கலாம் என்றேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. நேர மாற்றம். ஒன்றாவது குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி. காலை

ஒன்பதாவது குறிப்பை உடனே எடுக்க வேண்டும்.

'சிறிய ரைஸ் குக்கர் கொண்டு போங்கள். வாசனை வெளியே போகாமல் இருக்கக் குளியலறையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பொங்குங்கள்.' எங்கள் பயணிகள் எல்லாருக்கும் பிடித்த குறிப்பு. காளியண்ணன் மனைவி காலை ஆறரைக்கு அப்படியே செய்திருக்கிறார். வெந்ததும் கதவைத் திறந்திருக்கிறார். ஆவி குபீரென்று வெளியேறி நேராகக் கூரையிலிருந்த தீ அலாரத்துக்குள் புகுந்துவிட்டது. ஐந்து மாடிக்கும் மணி அலறியது. ஹோட்டல் முழுவதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு தெருவில் நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய தொப்பி போட்ட ஒருவர் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, குக்கரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே பொன்னி அரிசி, சரியான பதம்.

ஹோட்டல் மேனேஜர் பெண்மணியிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னிடம் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

காளியண்ணன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "நீங்க பொங்கறப்ப மட்டும் ஆவி வராதுங்களா மேடம்?"

செப்டம்பர் 27, மாலை

பகலில் எல்லாரையும் பழைய சதுக்கத்தில் பெரிய கடிகாரம் பார்க்க விட்டுவிட்டு, "டிக்கெட் வாங்கீட்டு வர்றேன்" என்று ஆற்றுக்கு ஓடினேன். சார்லஸ் பாலத்தின் இரண்டு கரையிலும் தேடினேன். பதினேழை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

'17. பாலத்தடியில், மூன்று படி இறங்கினால், ஒரு கல் இருக்கை. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். விடியும் நேரத்தில் போங்கள். அன்னங்கள் காலருகில் வரும். தண்ணீரின் மேல் மணியோசை மிதந்து வரும். அங்கே உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. வாழ்நாளில் ஒரு முறையாவது உங்களுக்குப் பிரியமானவரோடு அங்கே உட்காருங்கள்.'

இருக்கை எந்தப் பக்கம் என்று எனக்கு நினைவில்லை.

மேலே உள்ள வரியை அடிக்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது என் டைரி. இதை யார் படிக்கப் போகிறார்கள்? இதில்கூட எதற்கு?

நான் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. எந்த ஊருக்கும் போனதில்லை. இதுதான் முதல் தடவை.

பதினோரு வருடங்களுக்கு முன் முதலாளி என்னை அனுப்பப் பார்த்தார். விசா கிடைக்கவில்லை. திரும்பி ஊருக்கு வருவேன் என்ற நம்பிக்கை தூதரகத்துக்காரர்களுக்கு இல்லையாம். ஊரில் எனக்கு வாடகை வீடு, அரிசி ஆலைக் கணக்கரான வீட்டுக்காரர், அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த மகன். இவற்றை விட்டுவிட்டு நான் எங்கே ஓடப்போகிறேன்? அடுத்த வாரம் கவுண்டரில் ஒருவர், "நீங்க போயிருக்கீங்களா?" என்று சும்மா கேட்டார். "ம்" என்றேன். அவ்வளவுதான். முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த மாதம் டிக்கெட் நன்றாகப் போனது.

கல் இருக்கை வேறொரு நாட்டுப் படத்தில் பார்த்தது. அன்னங்கள் இன்னொரு படத்தில். மணியை நானே சேர்த்தேன். அழுகையையும்.

செப்டம்பர் 28, சனி

இங்கே இன்று பொது விடுமுறை. பெரிய கடைகள் அடைப்பு. தயிர் வாங்க இரண்டு தெரு அலைந்தேன். இதுவும் என் குறிப்பில் இல்லை.

டிராமில் காளியண்ணன் நேற்றுக் குத்திய மூன்று நாள் டிக்கெட்டை இன்றும் குத்தினார். ஒரு தடவைதான் குத்த வேண்டும், மறுபடி குத்தினால் செல்லாது என்று ஓடிப்போய்த் தடுத்தேன். அதற்குள் சத்தம் வந்துவிட்டது. "நீங்க எழுதுனதுல ஒரு தடவைன்னு இல்லீங்களே" என்றார். இல்லைதான். அவருக்கு வேறு டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன்.

தெய்வாத்தாள் அம்மா இன்றைக்கு மூன்று முறை கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். மழை வரும், கூட்டமாக இருக்கும், படி வழுக்கும். "நீங்க சொன்னாச் செரிங்க அம்முணி" என்று நகர்ந்துவிடுகிறார். ஒரு தடவையாவது சண்டை போட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

மதியம் கோட்டை பார்க்கப் போன இடத்தில் நழுவி மறுபடி ஆற்றங்கரைக்குப் போனேன். ஒன்று அகப்பட்டது. பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, கரையோரம் ஒரு மர பெஞ்சு. படி மூன்று இல்லை, பதினொன்று. அன்னங்கள் உண்மையிலேயே இருக்கின்றன, நிறைய. பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இருக்கட்டும். கல்லை எடுத்துவிட்டு மரம் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினோரு வருடத்தில் எதுதான் மாறாது?

மனம் லேசானதுபோல் இருந்தது. திரும்பினால் மேலே படியில் காளியண்ணன். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க மேடம்" என்றார். "ஏர்போர்ட்லயே கேட்டுது."

அவர் இரண்டு படி இறங்கி வந்தார்.

"நாங்க சும்மா சுத்திப்பாக்க வந்தவங்க. நீங்க வந்திருந்தா என்ன, வராட்டி என்ன. சோறு பொங்கி மணியடிச்சது ஊருக்குப் போயிச் சொல்லிச் சிரிச்சுக்குவோம். ஒருத்தருகிட்டயும் நான் மூச்சு விட மாட்டனுங்க." ஐஸ்கிரீம் கையில் வழிவதைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அந்தப் பெரியம்மா அப்படி வல்லீங்க. அவங்கள மட்டும் பொய் பெஞ்சுல உக்கார வெச்சுப்போடாதீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஆற்றில் தள்ளியிருப்பேன். உனக்கென்னய்யா, பம்ப் செய்கிறாய், தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. நான் விற்பது என்ன என்று உனக்குத் தெரியுமா? இதையெல்லாம் மனதுக்குள் சொன்னேன். வாயால், "நேரமாச்சு, வாங்க" என்றேன்.

சாயங்காலம் அம்மாவிடம், "நாளைக்குக் காலைல ஆறேகாலுக்குத் தயாரா இருங்கம்மா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சேலையை இஸ்திரி போட எங்கே கொடுப்பது என்று கேட்டார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். அரக்கு நிறம், மஞ்சள் கரை. அதற்கு மேல் அதே ஸ்வெட்டர், தலையில் குரங்குத் தொப்பி. தெருவில் நாங்கள் இரண்டு பேரும் குப்பை வண்டியும்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு இடத்தில் நின்று, "இது நீங்க நடந்த பாதைதானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். நேற்று நடந்தேனே.

பதினோரு படி. எண்ணிக்கொண்டே இறங்கினார். மூன்றுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

பெஞ்சு பனியில் நனைந்திருந்தது. என் துப்பட்டாவால் துடைத்தேன். அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து நாச்சிமுத்துவின் படத்தை எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். சட்டம் போட்ட படம், நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. பெருந்துறையிலிருந்து வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது அதுதான் போலிருக்கிறது. பிறகு லேமினேஷன் தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்துக்குக் கேட்கிற மாதிரி படித்தார். ஒரு எழுத்து விடாமல். 'அழுகை வந்தது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார், நாச்சிமுத்துவும் அங்கே நிறுத்தச் சொல்வாராக இருக்கும்.

அன்னங்கள் வந்தன. விடிந்துகொண்டிருந்தது. நான் பின்னால் நின்றிருந்தேன். இதோடு முடிந்துவிடும், ஐந்து நிமிடம், போய் டிபன் சாப்பிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மணி எப்பங்க அம்முணி அடிக்கும்?"

"இப்ப அடிக்குமுங்கம்மா."

அடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். பத்து நிமிடம். கால் மணி நேரம். படத்தைப் பார்த்து, "செத்த நேரம் இருங்க, அடிக்குமாமா" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மணி அடிக்காதுங்கம்மா" என்றேன். "அது நானாச் சேத்தது. கல்லும் இல்ல. நான் இங்க வந்ததே இல்லீங்க. எங்கயும் போனதில்ல. படத்தப் பாத்து எழுதுனேன்."

என்ன சொன்னேன் என்று புரியாதவர்போல் என்னைப் பார்த்தார். "அழுகை வந்துதுன்னு எழுதியிருக்கறீங்களே?"

"அதுவும் பொய்யிங்க."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். பிறகு படத்தை எடுத்தார். முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார், கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். தாளைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"கடைசி நாளு கண்ணு தெரியல அவுருக்கு. நான் படிக்கப் படிக்க, 'தெரியுது புள்ள, நல்லாத் தெரியுது'ன்னாரு. அவுருகிட்ட நான் என்ன போயிச் சொல்றது?"

கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தனியாகவே படி ஏறினார்.

பாதி ஏறியிருப்பார், மணி அடித்தது. எந்தக் கோயில் மணியோ. ஞாயிற்றுக்கிழமை, அடிக்கத்தானே செய்யும். ஒன்று, பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று, பிறகு நாலைந்து சேர்ந்து. தண்ணீரின் மேலேதான் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 29, மாலை

மற்றவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் வரவில்லை. மதியம் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. கதவோரம் தட்டில் தயிர்சாதம் வைத்துவிட்டு வந்தேன். நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது.

எல்லாரையும் உட்கார வைத்து, நான் இதற்கு முன் வந்ததே இல்லை என்று சொன்னேன். காளியண்ணன் மனைவி, "அதானே, குக்கர் விசயத்துலயே நெனச்சேன்" என்றார். மற்றவர்கள் நாளைக்கு எத்தனை மணிக்கு விமானம் என்று கேட்டார்கள். பதினோரு வருடமாக நான் மறைத்தது அவர்களுக்கு அவ்வளவுதான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தெய்வாத்தாள் அம்மா. ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி, ஷூ. பட்டு இல்லை, பழைய நூல் சேலை.

"வா" என்றார். இதுவரை என்னை அவர் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

முகம்கூடக் கழுவாமல் பின்னால் போனேன். அவர் முன்னால் நடந்தார். வழி கேட்கவில்லை. ஒரு தடவை நடந்த பாதையை மறக்கிறவர் இல்லை. பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார்.

"உக்காரு."

"அம்மா, நீங்க உக்காருங்க."

"நாங்க ரெண்டு பேரும் எட்டு வருசமா இங்கதான் உக்காந்திருக்கறோம். அங்க ஊர்ல மஞ்ச மூட்டை எறக்கீட்டு, இங்க உக்காந்துக்குவோம். பொண்ணு கல்யாணத்தன்னிக்கு ராத்திரியும் உக்காந்தோம். நீதான் ஒரு நாளும் உக்காரல. உக்காரு."

உட்கார்ந்தேன். பனி ஈரம் சுடிதாருக்குள் ஏறியது. படத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். அவர் நின்றுகொண்டார்.

"மன்னிச்சுப்போட்டேன்னு நெனச்சுக்காத. எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஆனா இவுருக்கு நான் பதில் சொல்லோணும். எனக்குச் சொல்லத் தெரியாது. நீதான் நல்லாச் சொல்லுவ. இந்த எடம் எப்புடி இருக்குதுன்னு அவுருகிட்டச் சொல்லு. பாத்ததை மட்டும் சொல்லு."

இத்தனை வருடம் எழுதியவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. படத்திலிருந்து நாச்சிமுத்து, அன்று என் கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளுருதுங்கய்யா" என்றேன். "பெஞ்சு மரமுங்க, ஈரமா இருக்குது. படி பதினொண்ணு, கைப்புடிக் கம்பி இருக்குது. ஆறு நம்ம பவானி அகலம் இருக்கும், கலங்கலா, பச்சையா ஓடுது. அன்னம் தூரத்துல பாக்கத்தான் அழகு, பக்கத்துல வந்தாக் கத்துது, நாத்தம் வேற. ஒண்ணு என் செருப்பக் கொத்துது."

தெய்வாத்தாள் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, விம்மலா, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாலத்து மேல ஒருத்தன் சைக்கிளத் தள்ளீட்டுப் போறானுங்க. வெளிச்சம் அக்கட்ட வீடுங்க மேல மட்டும் விழுந்திருக்குது, இக்கட்ட இன்னும் வல்ல. நேத்து மணி அடிச்சுதுங்கய்யா. நாலஞ்சு கோயில்ல ஒட்டுக்கா அடிச்சுது. இன்னிக்கு அடிக்கல. அம்மா பட்டுச் சேல கட்டீட்டு வந்தாங்க. நான்தான் கெடுத்துப்போட்டேன்."

அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் என்னைத் தேற்றவில்லை. பெஞ்சின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். படம் நடுவில் இருந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

எழுந்திருக்கும்போது, "நேத்து வெச்ச தயிர்சாதத்துல உப்பு இல்ல" என்றார்.

அக்டோபர் 4, வெள்ளி. கோயம்புத்தூர்

குறிப்புகளைத் திருத்தினேன். இருபத்தொன்று பதினான்காகிவிட்டது. முதலாளி படித்துவிட்டு, "பதினேழ ஏன் இப்படிக் கெடுத்து வெச்சிருக்கற? பழசையே போடு" என்றார். முடியாது என்றேன். "அப்ப எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று கதவை அறைந்துகொண்டு உள்ளே போனார். நாளைக்கு வேலை இருக்குமா தெரியாது.

மதியம் ஒரு சின்ன வயதுத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் தாளைப் புரட்டிக்கொண்டே, "நீங்க போயிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"ஒரு தடவ" என்றேன். "அஞ்சு நாள்."

எண்ணிக்கை பதினான்கானாலும் அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய எண்ணையே விட்டு வைத்திருக்கிறேன்.

'17. சார்லஸ் பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஆற்றங்கரையில் ஒரு மர பெஞ்சு இருக்கிறது. பதினோரு படி இறங்க வேண்டும். காலையில் ஈரமாக இருக்கும், துடைக்கத் துண்டு கொண்டு போங்கள். அன்னங்களுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. திங்கட்கிழமை அடிக்கவில்லை. மற்ற நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாது.'